டச்சு எழுத்தில் சிவப்புக் கோடு எங்கே விழுகிறது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

டச்சு மொழி கற்கத் தொடங்கிய தமிழர்களின் பயிற்சி ஏடுகளைச் சில ஆண்டுகளாகத் திருத்தி வருகிறேன். பக்கம் முழுவதும் சிவப்பு மையாகத் தெரியும்போது எழுதியவர் சோர்ந்துபோகிறார். ஆனால் அந்தக் கோடுகளை வகைபிரித்துப் பார்த்தால், முப்பது பிழைகளுக்கு அடியில் நான்கைந்து காரணங்களே இருப்பது தெரியும். 2022 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள நெதர்லாந்தின் குடியேற்ற ஒருங்கிணைப்புச் சட்டம், பொதுவாக பி1 எனப்படும் இடைநிலைத் தேர்ச்சி வரை டச்சு கற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது; அந்த நிலைக்கு முன்பே இந்தக் காரணங்களைக் கண்டுகொண்டவருக்குப் பிறகு சுமை பெரிதும் குறைகிறது. எனவே விதிகளை முதலிலிருந்து அடுக்காமல், ஏட்டில் கண்ணுக்குத் தெரியும் பிழையிலிருந்து அதன் வேரை நோக்கிச் செல்கிறேன். உங்கள் ஏட்டில் எந்த அறிகுறி அதிகமோ, அந்தப் பகுதியை முதலில் படியுங்கள்.

முதலில் குறியீடு பற்றி ஒரு சொல். டச்சுச் சொற்களை அவற்றின் ஒலிக்கு நெருக்கமாகத் தமிழ் எழுத்தில் தருகிறேன். எழுத்துக்கூட்டல் தேவைப்படும் இடத்தில் ரோமன் எழுத்துகளை நாம் வழக்கமாகச் சொல்லும் பெயர்களால் குறிக்கிறேன். நம் உச்சரிப்பில் இரண்டு எழுத்துகளுக்கு 'டி' என்ற ஒரே பெயரும், வேறு இரண்டுக்கு 'பி' என்ற ஒரே பெயரும் அமைந்துவிட்டதால், தொலைபேசியில் பெயரைச் சொல்லும்போது செய்வதுபோல டெல்லி-டி, டோக்கியோ-டி என்றும், பம்பாய்-பி, பாரிஸ்-பி என்றும் பிரித்துச் சொல்கிறேன். இந்த வேறுபாடு சிறியதன்று. டச்சு எழுத்துப் பிழைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

அறிகுறி: பன்மையிலோ வினைமுற்றிலோ ஓர் உயிரெழுத்து கூடிவிடுகிறது, அல்லது ஒரு மெய்யெழுத்து குறைந்துவிடுகிறது

யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் அலுவலகத்தைக் 'கந்தோர்' என்பார்கள். 1658இல் போர்த்துக்கீசரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல் அது. டச்சில் 'கன்டோர்' என்று இன்றும் அதே பொருளில் வழங்குகிறது. அதன் ஒருமையில் கடைசி அசையில் ஓ என்னும் எழுத்து இரண்டு முறை வரும். பன்மையான 'கன்டோரென்' என்பதில் ஒரே ஒரு ஓ மட்டும் வரும். ஒலி மாறவில்லை, இரண்டிலும் நெடில்தான். எழுத்து மட்டும் ஏன் குறைந்தது என்பதுதான் தொடக்கநிலை மாணவரைக் குழப்புகிறது.

சொல்லை அசையாகப் பிரித்துப் பாருங்கள். ஒருமை 'கன்-டோர்' என்று பிரியும்; இரண்டாம் அசை மெய்யில் முடிவதால் அது மூடிய அசை. மூடிய அசைக்குள் நெடில் ஒலிக்க வேண்டுமானால் உயிரெழுத்தை இரட்டித்து எழுத வேண்டும். பன்மை 'கன்-டோ-ரென்' என்று பிரியும்; நடு அசை உயிரில் முடிவதால் அது திறந்த அசை. திறந்த அசையில் ஓர் எழுத்தே நெடிலாக ஒலிக்கும் என்பதால் இரண்டாவது தேவையில்லை.

குறிலுக்கு இதன் மறுபக்கம் பொருந்தும். 'மன்' என்றால் ஆண். நடுவில் ஓர் ஏ, அதாவது ரோமன் வரிசையின் முதல் எழுத்து. 'மான்' என்றால் நிலவு. நடுவில் இரண்டு ஏ. பன்மை விகுதி சேரும்போது நிலவு 'மானென்' ஆகி ஓர் ஏ-யை இழக்கிறது. ஆண் 'மன்னென்' ஆகி ஓர் என்-னைக் கூடுதலாகப் பெறுகிறது. மெய்யை இரட்டிக்காமல் விட்டால் அசை திறந்துவிடும், குறில் நெடிலாகிவிடும், ஆண்கள் நிலவுகளாகிவிடுவார்கள்.

இந்த இடத்தில் தமிழர்கள் தயங்கவே வேண்டியதில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன், ஏனென்றால் இதே விதி நம் நாவில் ஏற்கெனவே இருக்கிறது. கண் என்பதோடு ஐ சேர்ந்தால் கண்ணை. மான் என்பதோடு ஐ சேர்ந்தால் மானை. தனிக்குறிலை அடுத்த மெய், பின்னால் உயிர் வரும்போது இரட்டிக்கும் என்று பள்ளியில் புணர்ச்சி விதியாகப் படித்தோம்; நெடிலுக்குப் பின் இரட்டிக்காது என்பதையும் அறிவோம். கண்ணை, மானை என்று தவறாமல் எழுதும் கை, 'மன்னென்', 'மானென்' என்று தவறாமல் எழுத முடியும். வகுப்பில் இதைச் சொன்ன நாளில், மூன்று மாதமாக இந்த விதியோடு போராடிக்கொண்டிருந்த ஓர் அம்மா, ஏட்டின் ஓரத்தில் 'கண், கண்ணை' என்று மட்டும் எழுதிப் பெட்டி கட்டி வைத்துக்கொண்டார். அதன்பிறகு அவருடைய பன்மைகளில் நான் சிவப்பு மை தொட்டது மிகக் குறைவு.

வினைச்சொல்லில் இதே விதி பின்னோக்கி வேலை செய்கிறது. 'மாகென்' என்றால் செய்தல், ஓர் ஏ. 'நான் செய்கிறேன்' என்னும்போது விகுதி உதிர்ந்து அசை மூடிக்கொள்வதால் 'இக் மாக்' என்பதில் இரண்டு ஏ வரும். 'பக்கென்' என்றால் எடுத்தல், இரண்டு கே. 'இக் பக்' என்பதில் ஒரே கே, ஏனெனில் தனி டச்சுச் சொல் எதுவும் ஒரே மெய்யை இரட்டித்து முடிவதில்லை. ஆகவே சரிபார்க்கும் முறை இது: விகுதியைச் சேர்த்தோ நீக்கியோ முடித்தபின் சொல்லை மறுபடி அசைபிரியுங்கள், ஒலி முதலில் குறிலாக இருந்ததா நெடிலாக இருந்ததா என்று கேளுங்கள், அந்த ஒலி மாறாமல் இருப்பதற்கு எழுத்தைச் சரிசெய்யுங்கள்.

விலக்குகளில் மூன்றை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. சொல்லின் இறுதியில் வரும் 'ஏ' ஒலி பெரும்பாலும் இரண்டு இ-யால் எழுதப்படும்: கடலைக் குறிக்கும் 'ஸே' என்பது இசட், இ, இ. ஒரே இ-யோடு நிறுத்தினால் அது 'அவள்' அல்லது 'அவர்கள்' என்னும் பொருளுடைய 'ஸெ' ஆகிவிடும். இரண்டாவதாக, அழுத்தம் பெறாத மங்கலான 'எ' ஒலிக்குப் பின் மெய் இரட்டிக்காது. நடத்தலைக் குறிக்கும் 'வன்டெலென்' என்பதில் ஒரே எல்தான். மூன்றாவதாக, சில பழஞ்சொற்களில் ஒலியே மாறுகிறது: நாள் 'டஹ்' என்று குறிலாக இருந்து பன்மையில் 'டாஹென்' என்று நெடிலாகிறது, நகரம் 'ஸ்டட்' என்பது 'ஸ்டேடென்' ஆகிறது. இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

இதே வேரிலிருந்து கிளைக்கும் இன்னொரு அறிகுறி, ஃபோட்டோ, ஆட்டோ போன்ற சொற்களின் பன்மையில் எஸ்ஸுக்கு முன் வரும் மேற்குறியை மறந்துவிடுவது. ஃபோட்டோ என்னும் சொல் ஓ-வில் முடிகிறது. நேராக எஸ் சேர்த்தால் அசை மூடிக்கொண்டு ஓ குறிலாகப் படிக்கப்படும். அதைத் தடுக்கவே ஓ-வுக்கும் எஸ்ஸுக்கும் இடையே மேற்குறி. அலங்காரத்துக்காக வந்த குறி அன்று அது. நெடிலைக் காக்கும் வேலி. மங்கலான 'எ'-யில் முடியும் 'டன்டெ', அதாவது அத்தை என்னும் சொல்லுக்கு அந்த ஆபத்து இல்லாததால் அங்கே வெறும் எஸ் போதும்.

அறிகுறி: பன்மையில் எஸ் எழுதிய இடத்தில் இசட் என்றும், எஃப் எழுதிய இடத்தில் வி என்றும் திருத்தப்படுகிறது

'ஹௌஸ்' என்றால் வீடு. நம் ஊரில் கழிவறைக்கு வழங்கும் 'கக்கூஸ்' என்னும் சொல்லின் பின்பாதியில் இருப்பதும் இதே வீடுதான். அதுவும் ஒல்லாந்தர் வழி வந்தது. ஒருமை எஸ்ஸில் முடியும்; பன்மையில் அந்த எஸ் இசட் ஆகும். கடிதத்தைக் குறிக்கும் 'ப்ரீஃப்' என்பது எஃப்பில் முடிந்து, பன்மையில் 'ப்ரீவென்' என்று வி பெறுகிறது.

காரணம், டச்சில் சொல்லின் கடைசி மெய் தொண்டை அதிராமல் ஒலிக்கிறது. உயிர் பின்தொடர்ந்தால் அதிர்வு திரும்பி வருகிறது. இசட்டும் வியும் சொல்லிறுதியில் எழுதப்படுவதில்லை, எழுத்து ஒலியைப் பின்பற்றிவிடுகிறது. நெடிலுக்கோ ஈருயிருக்கோ பின் வரும் எஸ்ஸும் எஃப்பும் பெரும்பாலும் இப்படி மாறும். மனிதனைக் குறிக்கும் 'மென்ஸ்' போல என்-னுக்குப் பின் வரும் எஸ் பல சொற்களில் மாறாமல் நிற்கும். பன்மையைக் காதால் கேட்டுப் பழகியவருக்கு இந்தப் பகுதி விரைவில் கைகூடும்.

அறிகுறி: சொல்லின் இறுதியில் டெல்லி-டி வருமா டோக்கியோ-டி வருமா என்று தெரியவில்லை

நாயைக் குறிக்கும் 'ஹொன்ட்', செய்தித்தாளைக் குறிக்கும் 'க்ரன்ட்' ஆகிய இரண்டும் காதுக்கு ஒரே ஒலியில் முடிகின்றன. ஆனால் முன்னதில் டெல்லி-டி, பின்னதில் டோக்கியோ-டி. எஸ், எஃப் போலன்றி இங்கே எழுத்து ஒலியைப் பின்பற்றாமல் சொல்லின் வேரைப் பின்பற்றுகிறது. ஆகவே வேரை வெளிக்கொணர வேண்டும். டச்சு ஆசிரியர்கள் கற்றுத்தரும் வழி எளியது: சொல்லை நீட்டிப் பாருங்கள். பன்மையில் நாயின் டி அதிர்ந்து ஒலிக்கும், செய்தித்தாளின் டி அதிராது. நீட்டும்போது கேட்பதையே நீட்டாதபோதும் எழுதுங்கள். பாரிஸ்-பி, பம்பாய்-பி ஐயத்துக்கும் இதே சோதனை உதவும்.

இதைச் சொன்ன பிறகும் தமிழ் மாணவர் தவறுவதற்குத் தனிக் காரணம் உண்டு, அதை டச்சுப் பாடநூல்கள் சொல்வதில்லை. தமிழில் மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினம் தானாகவே அதிர்ந்து ஒலிக்கும். வண்டி, பந்து, பம்பரம் என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றையாக வரும் வல்லினமும் அப்படியே. 'பாடு' என்பதில் உள்ள டகரத்தையும் 'பட்டு' என்பதில் உள்ளதையும் ஒப்பிட்டால் விளங்கும். ஆகவே செய்தித்தாளின் பன்மையைத் தமிழ் நா இயல்பாகவே நாயின் பன்மையைப் போல அதிரவைத்துச் சொல்கிறது. பிறகு தன் உச்சரிப்பைத் தானே கேட்டு, டெல்லி-டி எழுதிவிடுகிறது. அறிதலைக் குறிக்கும் 'வேட்டென்' என்னும் சொல்லில் ஒரே டோக்கியோ-டிதான் எழுத்தில் உண்டு. ஒற்றை எழுத்தைக் கண்டதும் நம் வாய் அதை அதிரவைக்கிறது.

எனவே நீட்டிப் பார்க்கும் சோதனையை உங்கள் வாயால் மட்டும் செய்யாதீர்கள். டச்சுக்காரர் ஒருவரின் உச்சரிப்பையோ ஒலி அகராதியையோ கேட்டு, விரலைத் தொண்டையில் வைத்து அதிர்வை உணர்ந்து, அதன்பின் எழுதுங்கள். ஓரிரு வாரம் இப்படிச் செய்தால் காது திருந்தும். காது திருந்தினால் எழுத்தும் திருந்தும்.

அறிகுறி: வினைமுற்றின் இறுதியில் டி சிக்கல்

டச்சுக்காரர்களே தடுமாறும் இடம் இது. இங்கே தவறுவதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் முறையாகச் சென்றால் தவறவும் தேவையில்லை.

வேறு வீட்டுக்குக் குடிபோவதை 'வெர்ஹௌஸென்' என்கிறார்கள். அதற்குள்ளும் அந்த 'ஹௌஸ்' இருக்கிறது. நெதர்லாந்தில் வீடு மாறுபவர், மாறுவதற்கு நான்கு வாரம் முன்பிருந்து மாறிய ஐந்து நாட்களுக்குள் புதிய ஊரின் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். ஆகவே குடியேறிய எவரும் விரைவில் எழுதக் கற்கும் வாக்கியம் 'நான் குடிமாறிவிட்டேன்' என்பதுதான்: 'இக் பென் வெர்ஹௌஸ்ட்'. 'அவர் நாளை குடிமாறுகிறார்' என்பதிலும் 'வெர்ஹௌஸ்ட்' என்றே ஒலிக்கும். முதல் வாக்கியத்தில் எஸ்ஸுக்குப் பின் டெல்லி-டி, இரண்டாவதில் டோக்கியோ-டி. காது இங்கே உதவாது. இரண்டு கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: இது நிகழ்கால வினைமுற்றா, அல்லது 'பென்', 'இஸ்', 'ஹெப்', 'ஹேஃப்ட்' போன்ற துணைவினையோடு வரும் நிறைவு வடிவமா?

நிகழ்கால வினைமுற்று என்றால் அந்த இடத்தில் 'லோபென்', அதாவது நடத்தல் என்னும் வினையை வைத்துச் சொல்லிப் பாருங்கள். பொருள் பொருந்தாவிட்டாலும் குற்றமில்லை, ஒலிதான் நமக்கு வேண்டும். 'இக் லோப்' என்பதில் இறுதி டி இல்லை; 'யெய் லோப்ட்', 'ஹெய் லோப்ட்' என்பவற்றில் டோக்கியோ-டி தெளிவாகக் கேட்கிறது; நீ என்னும் சொல் வினைக்குப் பின்னால் போகும்போது 'லோப் யெய்' என்று டி உதிர்ந்துவிடுகிறது. இதை ஆகுதலைக் குறிக்கும் 'வொர்டென்' என்னும் வினைக்குப் பொருத்துங்கள். அதன் வினையடி டெல்லி-டியில் முடிகிறது. 'இக் வொர்ட்' என்பதில் 'லோப்' போலவே எதையும் சேர்க்கக் கூடாது, ஆகவே டெல்லி-டி மட்டும். 'ஹெய் வொர்ட்' என்பதில் 'லோப்ட்' போல டோக்கியோ-டி சேர வேண்டும், ஆகவே டெல்லி-டிக்குப் பின் டோக்கியோ-டியும் வரும். 'வொர்ட் யெய்' என்பதில் மறுபடி டெல்லி-டி மட்டும். மூன்றும் காதுக்கு ஒன்றே. எழுத்தில் 'லோபென்' காட்டும் வழியே நடக்கும்.

'யெ' என்னும் சிறு சொல்லில் ஒரு பொறி உண்டு. அது 'நீ' என்றும் பொருள்படும், 'உன்' என்றும் பொருள்படும். 'நீ அப்படி நினைக்கிறாயா' என்பதில் வினைக்குப் பின் வரும் 'யெ' எழுவாய், ஆகவே டோக்கியோ-டி உதிரும். 'உன் அண்ணன் அப்படி நினைக்கிறாரா' என்பதில் எழுவாய் அண்ணன், ஆகவே அது நிற்கும். இங்கும் 'லோப் யெ', 'லோப்ட் யெ ப்ரூர்' என்று சொல்லிப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

இரண்டாம் கேள்வி நிறைவு வடிவத்துக்கும் இறந்தகாலத்துக்கும் உரியது: வினையடி எந்த மெய்யில் முடிகிறது? இதற்கு டச்சுப் பள்ளிகளில் ஒரு நினைவுச்சொல் உண்டு. பழைய காலத்துச் சரக்குப் பாய்க்கப்பல் ஒன்றின் பெயர் அது. தமிழில் ஏறத்தாழ 'ட் கொஃப்ஸ்ஹிப்' என்று எழுதலாம். அதிலுள்ள மெய்கள் டோக்கியோ-டி, கே, எஃப், எஸ், சி-எச் கூட்டு, பாரிஸ்-பி. எல்லாம் தொண்டை அதிராத மெய்கள். வினையின் அகராதி வடிவத்திலிருந்து 'என்' விகுதியை நீக்கியபின் நிற்கும் மெய் இந்தப் பட்டியலில் இருந்தால் இறந்தகாலத்தில் டோக்கியோ-டி, இல்லாவிட்டால் டெல்லி-டி. வேலை செய்தலைக் குறிக்கும் 'வெர்கென்' கே-யில் நிற்கிறது. ஆகவே 'வெர்க்டெ', 'ஹெவெர்க்ட்' இரண்டிலும் டோக்கியோ-டி.

குடிமாறும் வினைக்கு வருவோம். இங்கேதான் மாணவர்கள் விழுகிறார்கள். 'இக் வெர்ஹௌஸ்' என்னும் வடிவம் எஸ்ஸில் முடிகிறது, எஸ் கப்பலில் இருக்கிறது, ஆகவே டோக்கியோ-டி என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது அகராதி வடிவத்தை. அங்கே 'என்' விகுதிக்கு முன் நிற்பது இசட். இசட் கப்பலில் இல்லை. சொல்லிறுதியில் இசட் எழுதப்படாது என்னும் முந்தைய விதியால்தான் அது எஸ்ஸாக வேடமிட்டு நிற்கிறது. ஆகவே 'வெர்ஹௌஸ்டெ', 'வெர்ஹௌஸ்ட்' இரண்டிலும் டெல்லி-டி. வாழ்தலைக் குறிக்கும் 'லேவென்' என்பதில் எஃப்பாக வேடமிடும் வியும் இவ்வாறே. ஈராண்டுக்கு முன் நகராட்சிக்கான படிவத்தை என்னிடம் காட்டிய ஒரு தம்பி, அந்த ஒரு சொல்லை டோக்கியோ-டியால் எழுதி, ஐயப்பட்டு அடித்து, டெல்லி-டியாக்கி, மறுபடி அடித்திருந்தார். தாள் அங்கே கிழியும் நிலையில் இருந்தது. இசட்டைக் காட்டியதும் அவர் ஐயம் தீர்ந்தது.

இன்னும் ஒன்று. காத்திருத்தலைக் குறிக்கும் 'வஹ்டென்' போல வினையடியே டோக்கியோ-டியில் முடிந்தால், இறந்தகாலத்தில் அந்த எழுத்து இரண்டு முறை வரும். அடியின் டி ஒன்று, விகுதியின் டி ஒன்று. காதுக்கு ஒன்றாகவே கேட்கும் என்பதால் ஒன்றை விழுங்கிவிடுவது வழக்கம். அதே வினையின் நிகழ்காலத்தில் 'ஹெய் வஹ்ட்' என்பதற்கு மேலும் ஒரு டி சேராது, சொல் இரட்டை மெய்யில் முடியக் கூடாதென்பதால்.

இந்த முறை ஒழுங்கான வினைகளுக்கே. உயிர் மாறி இறந்தகாலம் காட்டும் வினைகளைத் தனிப் பட்டியலாக வைத்துப் படியுங்கள்.

அறிகுறி: பெயரடையின் இறுதியில் இ விடுபடுகிறது, அல்லது தேவையின்றி வருகிறது

டச்சுப் பெயர்ச்சொற்களில் ஒரு பிரிவு 'டெ' என்னும் சுட்டையும் மற்றது 'ஹெட்' என்னும் சுட்டையும் பெறுகிறது. 'டெ' சொற்களே மிகுதி. எனினும் வீடு, குழந்தை, புத்தகம், நீர், வேலை, ஆண்டு, அலுவலகம் என்று அன்றாடம் வரும் பல சொற்கள் 'ஹெட்' பிரிவில் இருப்பதால், எல்லாவற்றுக்கும் 'டெ' போட்டுச் சமாளிக்க முடியாது.

பெயரடை பெயருக்கு முன் வரும்போது பெரும்பாலும் இறுதியில் ஓர் இ பெறும். பெறாத ஒரே முக்கிய இடம், 'ஹெட்' சொல் ஒருமையாக, குறித்துச் சுட்டப்படாமல் வரும்போது. 'ஒரு பெரிய அலுவலகம்' என்பது 'என் ஹ்ரோட் கன்டோர்'. 'அந்தப் பெரிய அலுவலகம்' என்பது 'ஹெட் ஹ்ரோடெ கன்டோர்'. தெரு 'டெ' சொல் என்பதால் 'ஒரு பெரிய தெரு' எப்போதும் 'என் ஹ்ரோடெ ஸ்ட்ராட்'. 'ஹ்ரோட்' என்பதில் இரண்டு ஓ, 'ஹ்ரோடெ' என்பதில் ஒன்று. காரணம் மேலே பார்த்த திறந்த அசைதான்.

இந்தப் பிழை தொடர்ந்தால் பெயரடை விதியைத் திரும்பப் படிக்காமல், உங்கள் சொற்பட்டியலைச் சோதியுங்கள். பெரும்பாலும் பெயரின் சுட்டு தெரியாததுதான் நோய். பன்மை எல்லாம் 'டெ'. சிறுமைப் பொருள் தரும் 'யெ' விகுதி பெற்ற ஒருமை எல்லாம் 'ஹெட்'. 'இங்' விகுதியால் வினையிலிருந்து பிறந்தவையும் 'ஹெய்ட்' விகுதியில் முடிபவையும் 'டெ'. மற்றவற்றைச் சுட்டோடு சேர்த்தே மனத்தில் ஏற்றுங்கள். 'ஹௌஸ்' என்று படிக்காமல் 'ஹெட் ஹௌஸ்' என்று படியுங்கள்.

அறிகுறி: எல்லாச் சொல்லும் சரி, ஆனால் வரிசை தவறு

'நாளை நான் அலுவலகம் போகிறேன்' என்பதைத் தொடக்கநிலை மாணவர், நாளை, நான், போகிறேன் என்ற வரிசையில் எழுதுகிறார். சரியான வாக்கியம் 'மோர்ஹென் ஹா இக் நார் கன்டோர்'. தனி வாக்கியத்தில் வினைமுற்றுக்கு இரண்டாம் இடம் உறுதியானது. முதல் இடத்தில் 'நாளை' அமர்ந்துவிட்டால் 'நான்' வினைக்குப் பின்னால் நகர வேண்டும். இடம் என்பதைச் சொல்லால் எண்ணாதீர்கள். 'அடுத்த வாரம் திங்கட்கிழமை' என்ற முழுத் தொடரும் ஒரே இடம்தான். வாக்கியத்தில் வேறொரு வினை வடிவமும் இருந்தால் அது கடைசிக்குப் போகும். இரண்டும் இடையிலுள்ளவற்றைப் பிடித்துக்கொள்வதால் டச்சு இலக்கணத்தில் இதை இடுக்கி என்கிறார்கள்.

சார்பு வாக்கியத்தில் நிலைமை தமிழுக்குச் சாதகமாகிறது. 'ஏனென்றால்' என்னும் பொருளுடைய 'ஒம்டட்' வந்தால் வினை கடைசிக்குச் செல்லும்: 'ஒம்டட் இக் ஸீக் பென்', நான், நோயுற்று, இருப்பதால். வினையை இறுதியில் வைத்தே பேசிப் பழகிய நமக்கு இது இயல்பு. தவறு அதற்கு அடுத்த அடியில்தான் நிகழ்கிறது. அந்தச் சார்பு வாக்கியத்தை முன்னால் வைத்தால், அது முழுவதுமே முதல் இடத்தை நிரப்பிவிடுவதால், காற்புள்ளிக்குப் பின் உடனே வினை வர வேண்டும்: 'ஒம்டட் இக் ஸீக் பென், ப்ளெய்ஃப் இக் டௌஸ்', வீட்டில் இருக்கிறேன். ஆங்கிலம் வழியாக டச்சுக்கு வரும் தமிழர்கள் காற்புள்ளிக்குப் பின் 'நான்' என்று தொடங்கிவிடுகிறார்கள். இங்கே நம்மைத் தடுக்கிவிடுவது தமிழன்று, ஆங்கிலம். அதே பொருளில் வரும் 'வன்ட்' என்னும் இணைப்புச்சொல் வரிசையை மாற்றாது. 'வன்ட் இக் பென் ஸீக்' என்றே வரும். இரண்டையும் குழப்புபவர்கள் சில காலம் ஒன்றை மட்டும் பயன்படுத்திப் பழகுவது நல்லது.

தொலைபேசியில் அழைப்பதைக் குறிக்கும் 'ஒப்பெல்லென்' போன்ற பிரியும் வினைகளில், தனி வாக்கியத்தில் முன்னொட்டு கடைசிக்குப் போகும்: 'இக் பெல் யெ ஒப்'. அந்த 'ஒப்' விடுபட்டிருப்பதை ஏடுகளில் அடிக்கடி காண்கிறேன். எழுதி முடித்ததும் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை ஒரு முறை பார்க்கும் பழக்கம் போதும்.

அறிகுறி: ஒரே சொல்லாக இருக்க வேண்டியது இரண்டாகப் பிரிந்து நிற்கிறது

குடும்ப மருத்துவர் 'ஹௌஸார்ட்ஸ்', ஒரே சொல். வீடும் மருத்துவரும் இடைவெளி விட்டு எழுதப்படக் கூடாது. கூட்டுச்சொல் எவ்வளவு நீண்டாலும் டச்சு அதைச் சேர்த்தே எழுதும். இடையில் என் என்னும் மெய்யெழுத்து வருமா என்பதுதான் கடினமான கேள்வி, ஏனெனில் பேச்சில் அது பெரும்பாலும் ஒலிப்பதில்லை. தட்டைப் பணியாரமான 'பன்னெகூக்' 1995இன் திருத்தத்தில் நடுவே ஓர் என் பெற்றது. முதற்சொல்லின் பன்மை 'என்' விகுதியால் மட்டுமே அமையுமானால் அந்த விகுதி முழுமையாக எழுதப்பட வேண்டும் என்பது அப்போது வந்த விதி. உலகில் ஒன்றே ஒன்றாக உள்ள பொருளுக்கு இது பொருந்தாது. ஆகவே சூரிய ஒளியிலும் நிலவொளியிலும் அந்த என் இல்லை.

அறிகுறி: ஒரே ஒலிக்கு இரண்டு எழுத்துக்கூட்டல்

'எய்' என்னும் ஒலியை இ-ஐ என்றும் எழுதலாம், ஐ-ஜே என்றும் எழுதலாம். வழிநடத்துவதும் துன்பப்படுவதும் காதுக்கு 'லெய்டென்' என்றே ஒலிக்கும். வழிநடத்துவதில் இ-ஐ, துன்பத்தில் ஐ-ஜே. பயணம் செய்தலும் மேலே எழும்புதலும் அவ்வாறே 'ரெய்ஸென்'. இங்கே நீட்டிப் பார்ப்பதால் பயனில்லை. ஒரு சிறு கைப்பிடி உண்டு: இறந்தகாலத்தில் 'ஏ' ஒலிக்கு மாறும் வினைகள், எடுத்துக்காட்டாக 'ஸ்ஹ்ரெய்வென்', 'ஸ்ஹ்ரேஃப்' என்று வரும் எழுதுதல், ஐ-ஜே பெறுபவை. 'ஹெய்ட்' விகுதி எப்போதும் இ-ஐ. ஐ-ஜேயில் தொடங்கும் பெயர்களில் இரண்டும் சேர்ந்தே பேரெழுத்தாகும். எய்மௌடென் என்னும் துறைமுக நகரையும் எய்ஸெல் ஆற்றையும் அப்படித்தான் எழுத வேண்டும்.

மற்றவற்றுக்கு நெதர்லாந்தும் பெல்ஜியமும் 1980இல் சேர்ந்து நிறுவிய மொழி ஒன்றியத்தின் சொற்பட்டியல் இருக்கிறது. பச்சை அட்டை காரணமாக அதைப் பச்சைப் புத்தகம் என்றே அழைக்கிறார்கள். இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். அதில் தேடிக் கண்ட சொல்லைத் தனியாக எழுதாமல், சுட்டு, பன்மை, இறந்தகாலம், நிறைவு வடிவம் ஆகியவற்றோடு ஒரே வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஐயம் எழும்போது அகராதிக்கு முன் அந்த வரியைத் திருப்பிப் பார்க்கலாம்.